அடுக்களைக்கு வந்த ஆப்பு

தலைப்பைப் பார்த்துட்டு யாரோ யாருக்கோ ஆப்பு வச்ச கதைன்னு நினைச்சு உள்ள வந்தவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். இது அந்த ஆப்பு இல்லை, கைபேசிக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஆப். ஆனா படிச்சு முடிக்கும்போது ரெண்டும் ஒண்ணுதானோன்னு உங்களுக்குச் சந்தேகம் வந்தா நான் பொறுப்பில்லை :-)

நான் பொட்டி தட்டப் போறது காக்கநாடு, குடியிருக்கிறது இடப்பள்ளி. இங்க பைபாஸ் பக்கம் வீட்டுச் சாமான் விக்கிற எந்தக் கடைக்குள்ள நுழைஞ்சாலும் இப்பல்லாம் ஒரே பாட்டுதான். வாட்டர் ஹீட்டரா, ஆப் இருக்கு. ஏர் ஃப்ரையரா, ஆப் இருக்கு. ஃப்ரிட்ஜ், ஓவன், காபி மெஷின், எல்லாத்துக்கும் வைஃபை. "ஆபீஸ்லேர்ந்தே ஆன் பண்ணலாம் சார்"னு விற்பனைப் பையன் சொல்றான். ஆபீஸ்லேர்ந்து ஆன் பண்ணலாம், சரி. அரிசியை யார் கழுவிப் போடுறது? அதுக்கு அவன்கிட்ட பதில் இல்லை.

கிண்டல் இருக்கட்டும். அடுக்களைச் சாமானுக்கு நிஜமாவே கைபேசிக் கட்டுப்பாடு தேவையாங்கிறது நியாயமான கேள்விதான். இதை விளம்பரத்தை வச்சுத் தீர்க்க முடியாது. கொஞ்சம் பின்னாடி போய், அடுக்களைக்குள்ள தானியங்கிச் சமாச்சாரமெல்லாம் எப்ப, எப்படி வந்துச்சுன்னு பார்த்தா ஒரு தெளிவு கிடைக்கும்.

முதல்ல குக்கர்.

1679ல் டெனிஸ் பாப்பின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் லண்டன்ல ஒரு பாத்திரத்தைச் செஞ்சார். மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைச்சா எலும்புகூட மெத்துன்னு வெந்துடும். ஆனா அடைச்ச ஆவி வெடிக்கும் இல்லையா? அதுக்காக ஒரு துவாரம் வச்சு, அது மேல எடை தொங்கவிட்ட ஒரு மூடியையும் வச்சார். அழுத்தம் அளவுக்கு மேல போனா எடை தூக்கிக்கும், ஆவி வெளியே போயிடும். இன்னிக்கு நம்ம வீட்டு குக்கர் தலையில உட்கார்ந்திருக்கிற வெயிட்டுக்குத் தாத்தா அதுதான். யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம். எடையே காவல்காரன்.

இந்தியாவுக்கு அது பெரிய அளவுல வந்தது 1959ல். அதே வருஷம் டி.டி.கே. குழுமம் பிரிட்டனோட பிரெஸ்டீஜ் நிறுவனத்தோட சேர்ந்தும், பம்பாயில எச்.டி. வாசுதேவா இங்கிலாந்தோட எல்.ஜி. ஹாக்கின்ஸ் நிறுவனத்தோட சேர்ந்தும் குக்கர் தொழிலைத் தொடங்கினாங்க. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. நாம அதைச் சமையல் அளவையாவே மாத்திட்டோம். பருப்புக்கு நாலு விசில், சாதத்துக்கு மூணு, கொண்டைக்கடலைக்கு அது வேகுற வரைக்கும். எந்த இன்ஜினியரும் திட்டம் போட்டு உண்டாக்கின அளவு இல்லை இது. கூடத்துல உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டே எண்ணுறதுக்காக நம்ம வீட்டுப் பெண்கள் உண்டாக்கினது. இன்னிக்கு "நோட்டிஃபிகேஷன்"னு சொல்றாங்களே, அது நம்ம வீட்டுக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

குக்கர் கதையில இன்னொரு கட்டமும் உண்டு. எழுபதுகள்ல டி.டி. ஜெகந்நாதன் பிரெஸ்டீஜ் பொறுப்பை எடுத்தப்ப குக்கர் வெடிக்குதுன்னு புகார். காரணம் என்னன்னா, சேஃப்டி வால்வு போயிட்டா ஜனங்க கடைத்தெருவுல கிடைக்கிற போலி வால்வை மாட்டிடுறாங்க. அழுத்தம் ஏறினாலும் அது உருகாது. ஜனங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. அதனால மூடியோட ஓரத்துல ஒரு திறப்பு வச்சாங்க. அழுத்தம் எல்லை மீறினா கேஸ்கட்டே அந்தத் திறப்பு வழியா பிதுங்கி ஆவியை வெளியே விட்டுடும். வால்வு போலியா இருந்தாலும் சரி, அடைச்சிருந்தாலும் சரி, உயிருக்கு ஆபத்து இல்லை. உபயோகிக்கிறவர் எப்படி இருப்பாரோ அப்படியே ஏத்துக்கிட்டு, அவருக்கு ஏத்தமாதிரி பொருளை மாத்தறது. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்.

அடுத்தது ரைஸ் குக்கர்.

ஜப்பான்ல தோஷிபா கம்பெனியில வேலை பார்த்த ஷோகோ யமதா, துணி துவைக்கிற மெஷின் விக்கப் போன இடத்துல எல்லாம் பெண்கள்கிட்ட ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். துவைக்கிறதைவிடக் கஷ்டமான வேலை, தினம் அடுப்புப் பக்கத்துலயே நின்னு சோறாக்குறதுதான்னு. இதுக்கு ஒரு கருவி செஞ்சு தரச் சொல்லி யோஷிததா மினாமின்னு ஒரு சின்னப் பட்டறைக்காரர்கிட்ட வேலையை ஒப்படைச்சாங்க. அவரும் அவர் மனைவி ஃபுமிகோவும் வருஷக்கணக்குல சோறாக்கி ஆக்கிப் பார்த்தாங்க. கொதி வந்த பிறகு ஏறக்குறைய 20 நிமிஷம் வேகணும், அதுக்குமேல தீயணும். அந்த 20 நிமிஷத்தை யார் பார்த்துச் சொல்றது?

கண்டுபிடிச்ச வழி அபாரமானது. உள்பாத்திரத்துல அரிசி, வெளிப்பாத்திரத்துல ஒரு டம்ளர் தண்ணி. அந்தத் தண்ணி இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது ஆவியாகி முடிய ஏறக்குறைய 20 நிமிஷம் ஆகும். முடிஞ்சதும் சூடு சட்டுன்னு ஏறும். ஏறினதும் ஒரு இரட்டை உலோகத் தகடு வளைஞ்சு சுவிட்சை அணைச்சுடும். 1955 டிசம்பர்ல அது விற்பனைக்கு வந்துச்சு. பிற்பாடு வந்த குக்கர்கள்ல வெளிப்பாத்திரத் தண்ணியும் வேண்டாம்னு ஆச்சு. அடியில ஒரு காந்தம் இருக்கும். சோத்துத் தண்ணி வத்தி, அடி 100 டிகிரியைக் கொஞ்சம் தாண்டினா அது காந்தத்தன்மையை இழந்துடும். ஸ்பிரிங் இழுக்க, "டக்". அவ்வளவுதான்.

எங்களை மாதிரி பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா, இங்க புரோகிராம் எழுதினது தண்ணி. பாஸ்வேர்ட் கிடையாது, அப்டேட் கிடையாது. எழுபது வருஷமா ஒரு வரி மாத்தலை.

மிக்ஸிக்கு வருவோம். பம்பாயில எஸ்.பி. மாத்தூர்னு ஒரு இன்ஜினியர். வீட்டுல இருந்த ஜெர்மன் மிக்ஸி நம்ம ஊர் மசாலாவை அரைச்சு அரைச்சு மோட்டார் போயிடுச்சு. ஐரோப்பிய மிக்ஸி அவங்க ஊர்ப் பழச்சாறுக்கும் சூப்புக்கும் பண்ணினது. கொத்தமல்லி விதையையும் காஞ்ச மிளகாயையும் அதுக்கு அறிமுகமே இல்லை. 1963ல் மாத்தூர் சொந்தமா ஆரம்பிச்ச கம்பெனியிலேர்ந்து வந்ததுதான் சுமீத். ஒரு தலைமுறைக்கு மிக்ஸின்னாலே சுமீத்துதான்.

உங்க வீட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்க. அடியில சிவப்பா ஒரு சின்ன பட்டன் இருக்கும். கெட்டிச் சட்னியை ரொம்ப நேரம் அரைச்சா மோட்டார் சூடேறி நின்னுடும், அந்தப் பட்டன் வெளியே வந்துடும். ஆறினதும் அழுத்தினா திரும்ப ஓடும். இதைச் சொல்லிக்குடுக்க யாரும் வீட்டுக்கு வரலை. அம்மாக்கள் தாங்களாவே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க. 2011 செப்டம்பர்லேர்ந்து தமிழ்நாட்டு அரசு வீடு வீடா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் இலவசமா குடுத்தப்பவும் அதே கதைதான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அன்னிக்கு சாயங்காலமே திருகைத் திருகி ஓடவிட்டுட்டாங்க. உள்ள போகணும்னா மொபைல் நம்பர் குடு, ஓ.டி.பி. சொல்லுன்னு யாரும் கேக்கலை.

கிரைண்டர் நம்ம கோயம்புத்தூர்ச் சொத்து. பி. சபாபதி 1955ல் அதை உருவாக்கினார்னு சொல்வாங்க. பிற்பாடு கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. உளுந்து அரையும்போது பக்கத்துல நின்னு தண்ணி தெளிக்கணும், கையை விட்டுப் பார்த்து "இன்னும் ஒரு சுத்து"ன்னு சொல்லணும். அந்தக் கைக்கு எந்த ஆப்பும் மாத்து இல்லை.

இப்ப நான் இருக்கிற ஊருக்கு வர்றேன். மலையாளத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை "சூடாறாப்பெட்டி". தமிழ்ல மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை பாருங்க. சூடு ஆறாத பெட்டி. கேரளத்து மட்டை அரிசி வேகுறதுக்குள்ள அடுப்பு விறகைத் தின்னு தீர்த்துடும். 1962ல் தொடங்கின கேரள சாஸ்த்ர சாஹித்ய பரிஷத் அமைப்பு, புகையை விரட்டுற பரிஷத் அடுப்பைப் பரப்பின மாதிரியே இந்தப் பெட்டியையும் ஊர் ஊரா கொண்டுபோனாங்க. பாலக்காடு முண்டூர்ல இதுக்கெல்லாம் ஆராய்ச்சி நிலையமே இருக்கு. தத்துவம் ரொம்பச் சுலபம். அரிசியைக் கொதிக்கவச்சு, பானையோட தூக்கி, சூடு வெளியே போகாத பெட்டிக்குள்ள வச்சு மூடிடு. நீ வேற வேலை பாரு. சோறு தானா வெந்து கிடக்கும். இதே தத்துவத்தை நார்வேக்காரங்க 1867 பாரிஸ் கண்காட்சியில காட்டினாங்க. இன்னிக்கும் கொச்சிக் கடைகள்ல எவர்சில்வர்ல பளபளன்னு தெர்மல் ரைஸ் குக்கர்னு விக்குது. கரண்ட் வேண்டாம், காஸ் மிச்சம், தீயாது. "ஸ்மார்ட்"ங்கிற வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணை எனக்குக் காட்டுங்க.

இதுவரைக்கும் சொன்னது ஒரு பரம்பரை. இன்னொரு பரம்பரையும் இருக்கு.

1969ல் அமெரிக்காவுல நெய்மன் மார்க்கஸ்னு பணக்காரங்க கடை. அதோட கிறிஸ்துமஸ் விலைப்பட்டியல்ல ஹனிவெல் கம்பெனியோட "கிச்சன் கம்ப்யூட்டர்"னு ஒண்ணு இருந்துச்சு. விலை 10,600 டாலர். அந்தக் காசுக்கு அப்ப மூணு கார் வாங்கலாம். என்ன செய்யும்? சமையல் குறிப்பு வச்சிருக்கும். எப்படிக் கேக்கிறது? வரிசையா இருக்கிற சுவிட்சுகளை மேலயும் கீழயும் தட்டி, பூஜ்யமும் ஒண்ணுமா உள்ள அனுப்பணும். பதிலும் மினுக்கு மினுக்குன்னு விளக்காத்தான் வரும். அதைப் படிக்க ரெண்டு வார வகுப்பு வேற. அடுக்களைக்குன்னு ஒண்ணுகூட வித்ததா தகவல் இல்லை. கேரட்டைப் பார்த்துட்டு "இன்னிக்கு என்ன பண்ணலாம்"னு யோசிக்கிற பொம்பளைக்கு இது எந்தப் பிரச்சினையைத் தீர்க்குதுன்னு யாரும் கேக்கலை. யமதா கேட்டாரே, அந்தக் கேள்விதான்.

2000ல் எல்.ஜி. இன்டர்நெட் ஃப்ரிட்ஜ் கொண்டுவந்துச்சு. 20,000 டாலருக்கு மேல விலை. எடுபடலை. 2016ல் ஜூசெரோன்னு ஒரு பழச்சாறு மெஷின், 699 டாலர். வைஃபை இல்லாட்டி வேலை செய்யாது. பாக்கெட் மேல இருக்கிற கோடை மெஷின் படிச்சு, "இது நம்ம கம்பெனிப் பாக்கெட்தானா, தேதி தாண்டலையா"ன்னு பார்த்துட்டுத்தான் பிழியும். 2017 ஏப்ரல்ல ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பாக்கெட்டைக் கையாலேயே பிழிஞ்சு காட்டினாங்க. செப்டம்பர்ல கடையைக் கட்டியாச்சு. ஆப்பசைத்த குரங்கு மாதிரிதான் :-)

சிரிச்சாச்சு. இனி சிரிக்க முடியாத பகுதி. 2019ல் ஜூன்னு ஒரு ஸ்மார்ட் ஓவன், சில வீடுகள்ல நடுராத்திரியில தானாவே எரிய ஆரம்பிச்சு 200 டிகிரிக்கு மேல போய்ட்டதா செய்தி வந்துச்சு. கைபேசியில தெரியாம விரல் பட்டிருக்கும்னு கம்பெனி விளக்கம் சொன்னாங்க. அதுவே உண்மைன்னு வச்சுக்குவோம். தூங்கறவன் விரல் பட்டா வீட்டுல நெருப்பு எரியும்னா அது யார் குத்தம்? கேஸ்கட் திறப்பை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, இதுக்குத்தான். அதனாலதான் பல ஓவன்கள்ல இப்ப, முதல்ல ஓவன் பக்கத்துலயே போய் ஒரு பட்டனை அமுக்கி அனுமதி குடுத்தாத்தான் கைபேசியிலேர்ந்து ஆன் பண்ணவே விடும். பக்கத்துலயே போயாச்சுன்னா அப்புறம் கைபேசி எதுக்குங்கிறது வேற விஷயம்.

அப்புறம் அனோவா. தண்ணிக்குள்ள நிறுத்திக் குறிப்பிட்ட சூட்டுல மணிக்கணக்குல வேகவைக்கிற கருவி. அந்த கம்பெனி 2024ல் புதுசா சேர்றவங்களுக்கு ஆப்புக்கு மாசம் 1.99 டாலர் கட்டணம்னு அறிவிச்சது. 2014, 2015ல் வந்த பழைய மாடல்களுக்கு 2025 செப்டம்பர் 28க்குப் பிறகு ஆப் இணைப்பு கிடையாதுன்னும் சொல்லிட்டாங்க. கருவியில இருக்கிற திருகு வேலை செய்யும், அந்த அளவுக்கு நல்ல மனசு. திருகே இல்லாத கருவியா இருந்தா? பத்து வருஷம்ங்கிறது கைபேசிக்கு மூணு ஜென்மம். கிரைண்டருக்கு அது பால்யம். எங்க வீட்டு கிரைண்டர் கல்லைக் கொத்திக் கொத்தி இன்னும் ஓடுது.

சரி, ஆப்பால நல்லதே இல்லையா? இருக்கு. நேர்மையா அதையும் சொல்லணும்.

வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கோங்க. கேரளத்துல கரண்டு அதிகம் செலவழிக்கிற வீடுகளுக்கு மாலை 6லேர்ந்து 10 வரைக்கும் யூனிட் விலை கூடுதல். எந்த நேரம் ஓடணும்னு குறிச்சு வைக்க முடிஞ்சா காசு மிச்சம். வி-கார்டும் ஆப் வச்ச ஹீட்டர் கொண்டுவந்திருக்காங்க. 1977ல் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி அப்பாகிட்ட ஒரு லட்சம் ரூபாய் வாங்கி, ரெண்டு பணியாளரை வச்சு ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி அது. அதோட தலைமையகம் இடப்பள்ளியிலேர்ந்து கூப்பிடு தூரம், வெண்ணலையில. வோல்டேஜ் ஏறி இறங்கின ஊருக்கு ஸ்டெபிலைசர் நிஜமான தேவை. அது வீட்டுக்காரரை எதுவும் கேக்காம மூலையில உட்கார்ந்து வேலையைப் பார்த்துச்சு. ஹீட்டர் ஆப்புக்கும் அந்த உரைகல்லையே வைக்கலாம்.

இன்னொண்ணு, கண் தெரியாதவங்க. இப்ப வர்ற இண்டக்‌ஷன் அடுப்பும் ஓவனும் வழுவழுன்னு கண்ணாடிப் பலகை. தடவிப் பார்த்தா எது பட்டன்னு தெரியாது. வாய்விட்டுப் படிச்சுக் காட்டுற கைபேசி அவங்க கையில இருக்கு, அதனால ஆப் அவங்களுக்கு நிஜமான உதவி. ஆனா பழைய திருகை எடுத்துட்டுக் கண்ணாடியை வச்சதாலதானே அந்தக் கஷ்டமே வந்துச்சுங்கிறதையும் சேர்த்துச் சொல்லணும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப நெருக்கமானது.

1996ல் டோக்கியோவுல ஒரு அடுக்குமாடி வீட்டுல வயசான தாயும் நோயாளி மகனும் செத்துக் கிடந்தாங்க. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியலை. நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. ஜப்பானே ஆடிப்போச்சு. அந்தச் செய்தியிலேர்ந்து பிறந்த யோசனையை வச்சு, சோஜிருஷி கம்பெனி 2001ல் ஐ-பாட்னு வெந்நீர்ப் பானை கொண்டுவந்துச்சு. ஜப்பான்ல பெரியவங்க நாளைக்குப் பல தடவை டீ போடுவாங்க. பானையில வெந்நீர் பிடிக்கும்போதெல்லாம் அது குறிச்சு வச்சுக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை தூரத்துல இருக்கிற மகனுக்கோ மகளுக்கோ ஈமெயில் போகும். காலையில டீ போட்டாச்சு, மத்தியானமும் போட்டாச்சு. அவ்வளவுதான் சேதி. மகன் டோக்கியோவுல உட்கார்ந்து பானையை ஆன் பண்ண முடியாது, அணைக்கவும் முடியாது. அம்மா புதுசா எதையும் கத்துக்க வேண்டாம். எப்பவும் போல டீ போட்டா போதும்.

கேரளத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி இங்க 60 வயசுக்கு மேற்பட்டவங்க 12.6 சதவீதம். நாடு முழுக்கப் பார்த்தா 8.6 தான். பிள்ளைங்க துபாயிலயும் தோஹாவுலயும் இருக்காங்க. பெரிய பெரிய வீட்டுல ரெண்டே பேர், சில வீட்டுல ஒரே ஆள். என் கதையும் ரொம்ப வித்தியாசம் இல்லை. எனக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல மேற்குத் தொடர்ச்சி மலை, அந்தப்பக்கம் அம்மா தனியா. கைபேசியில இயக்குற அடுப்பு ஒண்ணு வாங்கித் தரட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். "எய்யா, விசில் அடிச்சா பக்கத்து வீட்டு ஆச்சிக்கே கேக்கும். அது உனக்கு எதுக்குய்யா கொச்சியில கேக்கணும்?"னாங்க.

நியாயம்தான். விசில் சத்தம்ங்கிறது தெருவுக்கே போற சேதி. எட்டு மணிக்கு இந்த வீட்டு குக்கர் சத்தம் கேக்கலைன்னா ஆச்சி வந்து எட்டிப் பார்ப்பாங்க. ஆனா போன வருஷம் ஆச்சியை மகன் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அந்த வீடு பூட்டிக் கிடக்கு. இப்ப விசில் அடிக்குது, கேக்கத்தான் ஆள் இல்லை.

அதனால என் கட்சி இது. அடுக்களைக்கு ரிமோட் வேண்டாம், சேதி வேணும்னா வரட்டும். தூரத்துலேர்ந்து அணைக்கிற வசதி இருந்தா சரி, எரியவைக்கிற வசதி வேண்டாம். ஒரு சாமானை வாங்கும்போது நான் பார்க்கிறது மூணே விஷயம். வைஃபை போனாலும் கையால இயக்க முடியுமா? கம்பெனி நாளைக்கே மூடிட்டாலும் அது வேலை செய்யுமா? அம்மா தன் பழக்கத்தை மாத்தாமலே அதை உபயோகிக்க முடியுமா? மூணுக்கும் ஆமாம்னா ஆப் இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணுக்கு இல்லைன்னாலும் பணத்தைப் பையிலேயே வச்சுக்குவேன்.

அம்மாவுக்கு அடுப்பு வாங்கலை. தினம் காலையில எட்டரைக்குப் போன் பண்றேன். "இட்லி ஆச்சா?"ன்னு கேப்பேன், "ஆச்சு"ம்பாங்க. மீட்டிங் இருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷத்தை விடறதில்லை. ஐ-பாட் மாதிரி ஒண்ணு நம்ம ஊர் காபி டவராவுக்கு யாராவது செஞ்சா சொல்லுங்க, முதல் ஆளா வாங்கறேன்.